சார்ம்ட் சகோதரிகளின் நாவல்கள்: டிவி தொடரிலிருந்து பிறக்கும் புத்தகங்களுக்கு ஓர் அறிமுகம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1998 அக்டோபர் 7 அன்று சார்ம்ட் என்ற தொடர் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில், பாட்டி விட்டுப்போன பழைய விக்டோரியன் வீட்டில் வாழும் மூன்று சகோதரிகள், தாங்கள் சூனியக்காரிகள் என்பதைத் தெரிந்துகொள்ளும் கதை. எட்டு சீசன், 178 எபிசோட் என்று 2006 மே மாதம் வரை ஓடியது. தொடரைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அதே சகோதரிகளை வைத்து நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வந்திருக்கின்றன என்பது தொடரைப் பார்த்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1999இல் ஆரம்பித்த வரிசை, தொடர் முடிந்த பிறகும் 2008 வரை வந்துகொண்டிருந்தது. வெளியிட்டது சைமன் அண்ட் ஷூஸ்டர் குழுமம்.

இந்த வகைப் புத்தகத்தை ஆங்கிலத்தில் டை-இன் நாவல் என்பார்கள். இங்கே தொடர்வழி நாவல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திரைத்தொடரின் பாத்திரங்களையும் உலகத்தையும் எடுத்துக்கொண்டு, தொடரின் உரிமையாளர் அனுமதியோடு வேறொருவர் எழுதும் நாவல், அவ்வளவுதான். இதில் அனுமதிதான் முக்கியம். அனுமதி கேட்காமல், காசு எதிர்பார்க்காமல், ஆசைக்காக எழுதினால் அது ரசிகர் புனைவு. ரசிகர் புனைவில் இறந்த அக்காவை உயிரோடு கொண்டுவரலாம், பிரிந்த ஜோடியைச் சேர்த்துவைக்கலாம், வில்லனையே நாயகனாக்கலாம். தொடர்வழி நாவலில் அதெல்லாம் நடக்காது. ஏன் நடக்காது என்று புரிந்துவிட்டால் இந்த வகையே புரிந்த மாதிரி.

தொடரை அறியாதவர்களுக்காக ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஹாலிவெல் சகோதரிகளில் மூத்தவள் ப்ரூ. பார்வையாலும் கையசைவாலும் பொருட்களை நகர்த்துவாள். நடுவில் பைப்பர், காலத்தை உறையவைப்பாள். அடுத்தவள் ஃபீபி; நடக்கப்போவது அவளுக்குக் காட்சியாகத் தெரியும். மூவரும் சேர்ந்து மந்திரம் சொன்னால் அதற்குப் பெயர் மூவரின் சக்தி. பரணில் கிடைத்த 'நிழல்களின் புத்தகம்' அவர்களுக்கு அகராதி, மருத்துவ நூல், பாட்டியின் அறிவுரை எல்லாமே. லியோ என்ற காவலன் அவர்களைப் பார்த்துக்கொள்வான். 2001 மே மாதம், மூன்றாம் சீசன் முடிவில், ப்ரூ கொல்லப்படுகிறாள். அக்டோபரில் நான்காம் சீசன் தொடங்கும்போது, பிறந்ததுமே தத்துக்கொடுக்கப்பட்ட பெய்ஜ் என்ற தங்கை வந்து சேர்கிறாள்.

இந்தச் சகோதரிகளுக்கு எதற்கு நாவல்? பதில் பாதிக்கு மேல் அந்தக் காலத்தின் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. சார்ம்ட் வாரம் ஒரு முறை வந்தது. தவறவிட்டால் போச்சு, வீடியோ கேசட்டில் பதிவு செய்திருந்தால் உண்டு, இல்லையென்றால் மறுஒளிபரப்புக்குக் காத்திருக்க வேண்டும். முதல் சீசன் டிவிடியாக வந்ததே 2005 பிப்ரவரியில்தான். நடுவில் ஆறு வருடம். அதிலும் ஒவ்வொரு வருடமும் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை புதிய எபிசோட் கிடையாது. அந்தக் கோடை முழுவதும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஹாலிவெல் வீட்டுக்குள் நுழைய இருந்த வழி, புத்தகக் கடை அலமாரியில் சில டாலருக்குக் கிடைத்த ஒரு பேப்பர்பேக். இன்று எந்த எபிசோடையும் நினைத்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதால், அந்தப் புத்தகம் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்பது நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை.

இரண்டு வகை

தொடர்வழி நாவல்களில் இரண்டு வகை உண்டு. திரையில் வந்த எபிசோடையே உரைநடையில் திரும்பச் சொல்வது ஒன்று. திரையில் வராத புதுக் கதையைச் சொல்வது இன்னொன்று.

சார்ம்ட் வரிசையின் முதல் புத்தகம் முதல் வகை. 'தி பவர் ஆஃப் த்ரீ' என்ற தலைப்பில் எலிசா வில்லர்ட் எழுதியது, தொடரின் முதல் எபிசோடின் நாவல் வடிவம். பாட்டி இறந்து ஆறு மாதம் ஆகியிருக்கிறது, ஃபீபி நியூயார்க்கிலிருந்து திரும்பி வருகிறாள், பரணில் புத்தகத்தைப் பார்க்கிறாள், எழுதியிருப்பதை உரக்க வாசிக்கிறாள், சக்தி வந்துவிடுகிறது. திரையில் சில நிமிடத்தில் முடிகிற காட்சி. நாவலில் அதையே நிறுத்தி நிதானமாகச் சொல்ல முடிகிறது.

இந்தப் புத்தகத்தில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. ப்ரூவின் பழைய காதலன் ஆண்டி ட்ரூடோ, காவல்துறையில் இன்ஸ்பெக்டர். முதல் எபிசோடில் ப்ரூவும் அவனும் பல வருடம் கழித்து மறுபடி சந்திக்கிறார்கள், நம்பிக்கை துளிர்க்கிறது. முதல் சீசனின் கடைசி எபிசோடில் ஆண்டி செத்துப்போகிறான். அது ஒளிபரப்பானது 1999 மே மாதம். நாவல் கடைக்கு வந்தது அதே வருடக் கடைசியில். ஆக, அதை வாங்கிய ரசிகர்களில் பெரும்பாலோர் ஆண்டியின் சாவைப் பார்த்து முடித்தவர்கள். புத்தகத்தில் அவன் சிரித்துக்கொண்டே ப்ரூவிடம் பேசும் இடத்தை அவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள்! எழுதியவர் திட்டமிட்டாரோ இல்லையோ, அச்சுக்கும் ஒளிபரப்புக்கும் இடையிலான இடைவெளி அந்தக் காட்சிக்குக் கூடுதல் கனத்தைக் கொடுத்துவிட்டது.

எலிசபெத் லென்ஹார்ட் எழுதிய 'சார்ம்ட் அகெய்ன்' இதே வகையில் இன்னொன்று. பெய்ஜ் அறிமுகமாகும் இரண்டு பகுதி எபிசோடின் நாவல் வடிவம். ப்ரூ போன பிறகு வரிசையில் சேர்கிற புது வாசகருக்கு ஒரு நுழைவாயில் வேண்டியிருந்தது, இது அந்த வேலையைச் செய்தது.

வரிசையில் மற்றவை பெரும்பாலும் இரண்டாம் வகை, புதுக் கதைகள். என் கணிப்பில் தொடர்வழி நாவலின் உண்மையான கலை இங்கேதான் இருக்கிறது. எபிசோடைத் திரும்பச் சொல்லும் நூலில் எழுத்தாளருக்குக் கதை தயாராகக் கையில் இருக்கிறது. புதுக் கதையில் அவர் தனியாக நிற்கிறார், அதுவும் கைகள் கட்டப்பட்ட நிலையில்.

எதையும் மாற்றக் கூடாது

அந்தக் கட்டு என்னவென்று பார்ப்போம். வாடகை வீட்டுக்குக் குடிபோகிறோம். எவ்வளவு கொண்டாட்டமாக வேண்டுமானாலும் வாழலாம், ஆனால் சுவரை இடிக்க முடியாது, காலி செய்யும்போது எல்லாம் வந்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும். தொடர்வழி நாவலாசிரியரின் நிலைமை அச்சு அசலாக அதுதான். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் உயிரோடு இருக்க வேண்டும். யாருக்கும் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, யாரும் பிரிந்திருக்கக் கூடாது. சக்தி கூடியிருக்கவும் கூடாது, குறைந்திருக்கவும் கூடாது. அடுத்த வாரம் வரும் எபிசோடில் இந்த நாவல் நடந்த சுவடே இருக்காது என்பதால், நாவலும் தன் சுவட்டை அழித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கொஞ்சம் யோசித்தால் இது பயங்கரமான நிபந்தனை. நாவல் என்றாலே ஒருவர் மாறுகிற கதை என்றுதான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள். மாற்றமே கூடாது என்றால் எதை எழுதுவது?

எழுத்தாளர்கள் சில வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, விருந்தினர் பாத்திரம். சகோதரிகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தப் புத்தகத்துக்காகவே பிறந்த புதியவருக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அதனால்தான் பழகிய வாசகர், ஒரு நாவலில் ஃபீபிக்குப் புதுக் காதலன் வந்ததுமே நிமிர்ந்து உட்காருவார். அவன் அரக்கனாக இருப்பான், அல்லது சாவான், அல்லது எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஊரைவிட்டுப் போவான். எது என்பதுதான் கேள்வி. இன்னொரு வழி, ஆபத்தின் இடத்தை மாற்றுவது. பைப்பர் பிழைப்பாளா என்று யாரும் கவலைப்படப் போவதில்லை. பிழைப்பாள் என்று தெரியும். ஆனால் தங்கையைக் காப்பாற்ற அவள் யாரிடம் என்ன பொய் சொல்ல வேண்டிவரும், அந்தப் பொய் வீட்டுக்குள் எத்தனை நாள் உறுத்தும் என்பது தெரியாதல்லவா? நல்ல தொடர்வழி நாவல்கள் இந்த உறுத்தலில்தான் வாழ்கின்றன.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: மனசுக்குள் போவது. திரையில் ஃபீபியின் முன்காட்சி கறுப்பு வெள்ளையில் சட்டென்று மின்னி மறையும். அவள் மூச்சு வாங்குவதை நாம் வெளியிலிருந்து பார்ப்போம். புத்தகத்தில் அந்தக் காட்சிக்குள்ளேயே நிற்கிறோம். பைப்பர் காலத்தை உறையவைத்தால் திரையில் துணை நடிகர்கள் அசையாமல் நிற்பார்கள், யாராவது லேசாகக் கண் சிமிட்டினாலும் நமக்குத் தெரிந்துவிடும். எழுத்தில் அப்படியில்லை. பாதியில் நிற்கும் தண்ணீர்த் துளி, முடியாத ஒரு சொல், அந்த மௌனத்தில் பைப்பருக்கு மட்டும் கேட்கும் தன் இதயத்துடிப்பு என்று எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ப்ரூவைப் பற்றியும் இதே பேச்சு. அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட, தங்கைகளுக்கு அம்மாவாகவே வளர்ந்தவள் அவள். திரையில் அது கோபமாகத்தான் அதிகம் வெளிப்படும். அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கும் பயத்தைச் சொல்ல உரைநடைக்கு இடம் அதிகம்.

இன்னொன்று, செலவு. காகிதத்தில் அரக்கனை நிறுத்த மை போதும். தொலைக்காட்சிக்கு அப்படி இல்லை. எட்டாம் சீசனில் பட்ஜெட் வெட்டப்பட்டபோது, முதல் சீசனிலிருந்து கூடவே வந்த போலீஸ் நண்பர் டாரில் மோரிஸ் கதையிலிருந்தே காணாமல் போனார். லியோவைக்கூடப் பல எபிசோடுகளுக்கு உறையவைத்து ஓரமாக அனுப்பிவிட்டார்கள். நாவலில் யாரையும் சம்பளக் கணக்குப் பார்த்து அனுப்ப வேண்டியதில்லை. கடல் பொங்கலாம், நகரமே கண்ணாடியாக மாறலாம்.

எழுதுவது யார், சொந்தம் யாருக்கு?

சார்ம்ட் வரிசையை ஒரே ஆள் எழுதவில்லை. எலிசா வில்லர்ட், எலிசபெத் லென்ஹார்ட், டயானா ஜி. கேலகர், கேமரன் டோக்கி, ரோசலிண்ட் நூனன், எம்மா ஹாரிசன், பால் ருடிடிஸ் என்று பல பேர். இவர்களில் பலருக்கு இதுவே தொழில். கேலகர் ஸ்டார் ட்ரெக், பஃபி, சப்ரினா தொடர்களுக்கும் நாவல் எழுதியவர். வெவ்வேறு உலகத்தின் குரலை மாற்றி மாற்றிப் பிடிப்பது தனித் திறமை, அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ப்ரூ பேசுகிற மாதிரி வாக்கியம் எழுதினால்தான் வாசகர் ஏற்பார். ஒரு சொல் பிசகினாலும் 'இது ப்ரூ இல்லை' என்று பதினான்கு வயது ரசிகை கண்டுபிடித்துவிடுவாள்.

வேலை நடக்கும் முறை பொதுவாக இப்படி. தொடரின் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து பதிப்பகம் உரிமம் வாங்கும். சார்ம்டுக்கு அந்த நிறுவனம் ஸ்பெல்லிங் டெலிவிஷன். பதிப்பகம் எழுத்தாளரைப் பிடிக்கும். அவர் முதலில் கதைச் சுருக்கம் தருவார். எடிட்டர் பார்ப்பார், அப்புறம் தொடர் நிறுவனத்தின் ஆட்கள் பார்ப்பார்கள். ஒப்புதல் வந்த பிறகே எழுத்து. எழுதி முடித்த பிரதியும் அதே வழியாகப் போய்த் திரும்பும். அவகாசம் பெரும்பாலும் சில மாதங்கள்தான்.

எழுதி முடித்தால் நாவல் எழுத்தாளருக்குச் சொந்தமில்லை. பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்தால் நிறுவனத்தின் பெயர் இருக்கும். எழுத்தாளருக்கு ஒரு தொகை கிடைக்கும், சில ஒப்பந்தங்களில் விற்பனையில் சிறு பங்கும் உண்டு. அவர் உருவாக்கிய புதுப் பாத்திரம்கூட அவருடையதல்ல. இது நியாயமா என்று கேட்டால், உழைப்பை வைத்துப் பார்க்கும்போது எனக்கு வருத்தம்தான். இந்த எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. மேக்ஸ் ஆலன் காலின்ஸும் லீ கோல்ட்பெர்க்கும் தொடங்கியது. 2007 முதல் ஸ்க்ரைப் என்ற பெயரில் விருதும் கொடுக்கிறார்கள். இலக்கிய விருதுக் குழுக்கள் எட்டிப்பார்க்காத இடத்தில், ஒருவர் வேலையை மற்றவர் மதிக்க அவர்களே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு அது.

எது மெய்?

தொடர்வழி நாவல்களைப் பற்றிப் பேசும்போது கேனன் என்ற சொல் அடிக்கடி வரும். ஒரு கற்பனை உலகத்தில் எதெல்லாம் 'உண்மையிலேயே நடந்தது' என்று ஏற்கப்படுகிறதோ அதுதான் கேனன். சார்ம்ட் உலகத்தில் திரையில் வந்தது கேனன். நாவல்களில் வந்தது பொதுவாக இல்லை. திரை சொல்வதை நாவல் மீற முடியாது; நாவல் சொல்வதைத் திரை கண்டுகொள்ள வேண்டியதில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். ஹாலிவெல் குடும்பத்தின் மூதாதை மெலிண்டா வாரன், 17ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியக்காரி என்று எரித்துக் கொல்லப்பட்டதாகத் தொடர் சொல்கிறது. வரலாற்றில் சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 1692இல் அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அமெரிக்கச் சிறுவர்கள் பள்ளியில் படிக்கிற வரலாறுதான் இது. ஆனாலும் மெலிண்டாவைப் பற்றி நாவல் எழுத வருகிறவர் திரை சொன்ன நெருப்பையே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் எழுதுவது மாசசூசெட்ஸின் சேலத்தைப் பற்றி அல்ல, ஹாலிவெல்களின் சேலத்தைப் பற்றி.

'நிழல்களின் புத்தகம்' விஷயத்திலும் இப்படி ஒரு பின்னணி உண்டு. அந்தப் பெயரைத் தொடர் உருவாக்கியவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர் பரப்பிய விக்கா என்ற சமயத்திலிருந்து வந்தது. நிஜ விக்கா வழிபாட்டில் அது சடங்குக் குறிப்பேடு. சார்ம்டில் அரக்கர்களின் கலைக்களஞ்சியமாக மாறிவிட்டது. நாவலாசிரியர்களுக்கு இது பெரிய வசதி: புதிய அரக்கனுக்கு ஒரு பக்கம், அவனை ஒழிக்க எதுகை போட்ட நான்கு வரி மந்திரம். அந்த மந்திர வரிகளையும் அவர்களேதான் எழுத வேண்டும், ஆக பாதி நாவலாசிரியர், பாதி பாட்டுக்காரர்.

ஒரு நாவல் கதையில் எங்கே நிற்கிறது?

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் திணறுகிற இடம் இதுதான். நாற்பது புத்தகம் இருக்கிறது, எது எப்போது நடக்கிறது? புத்தகத்தை எடுத்துச் சில பக்கம் படித்தாலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ப்ரூ இருக்கிறாளா பெய்ஜ் இருக்கிறாளா என்பது முதல் கேள்வி. ப்ரூ இருந்தால் முதல் மூன்று சீசனுக்குள். பைப்பர் குவேக் என்ற உணவகத்தில் வேலை பார்த்தால் முதல் சீசன் பக்கம். பி3 என்ற சொந்த கிளப் நடத்தினால் இரண்டாம் சீசன் அல்லது அதற்குப் பின். ப்ரூ உடலை விட்டு இன்னொரு இடத்தில் தோன்றினால் அதுவும் இரண்டாம் சீசனில் வந்த சக்தி. ஃபீபி காற்றில் எழும்பினால் மூன்றாம் சீசனைத் தொட்டுவிட்டோம். பைப்பர் உறையவைப்பதோடு நிற்காமல் வெடிக்கவும் வைத்தால் மூன்றாவதின் கடைசி, அல்லது அதற்கும் பிறகு. பைப்பரும் லியோவும் கல்யாணம் செய்தது 2001 பிப்ரவரியில் வந்த எபிசோடில். குழந்தை வயட் இருந்தால் 2003 அல்லது அதற்குப் பின். ஃபீபி பே மிரர் பத்திரிகையில் வாசகர் பிரச்சினைகளுக்குப் பதில் எழுதினால், அல்லது மந்திரப் பள்ளி பற்றிப் பேச்சு வந்தால், பிற்பகுதிக்கு வந்துவிட்டோம்.

இப்படிக் கண்டுபிடிப்பதே ஒரு சுகம். தெரிந்த குடும்பத்தின் பழைய புகைப்படத்தைப் பார்த்து 'இது எந்த வருஷம்' என்று சொல்லும்போது வரும் சந்தோஷம்.

இளையோர் அலமாரியில் ஏன்?

சகோதரிகள் இருபது வயதைக் கடந்தவர்கள். வேலை, வாடிக்கையாளர், விவாகரத்து எல்லாம் கதையில் வருகின்றன. பிறகு ஏன் இளையோர் நாவல்? தொடரை ஒளிபரப்பிய டபிள்யூபி சேனல் பதின்வயதினரையும் இருபதுகளில் இருப்பவர்களையும் குறிவைத்து நடந்தது. புத்தகத்தை வாங்கப்போவதும் அவர்கள்தான். அதற்கேற்ப நாவல்கள் சுமார் 200 பக்கம், எளிய நடை, காதல் இருந்தாலும் படுக்கையறைக் கதவோடு நின்றுவிடும். ஆனால் உள்ளடக்கத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். யார் குளியலறையில் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாள், யார் யாருடைய சட்டையைக் கேட்காமல் போட்டாள், அம்மா இல்லாத வீட்டில் யார் அம்மா என்ற சண்டைகள்தான் சார்ம்டின் உயிர். அக்கா தங்கையோடு ஒரே அறையில் வளர்கிற எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். அரக்கன் வருவது அப்புறம்.

சப்ரினாவின் வழி வேறு. ஆர்ச்சி காமிக்ஸில் 1962இல் பிறந்த இளம் சூனியக்காரி அவள். 1996இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடரில் மெலிசா ஜோன் ஹார்ட் நடித்தார். அதற்கும் நாவல் வரிசை உண்டு, ஆனால் சார்ம்டை விடச் சின்ன வயதினருக்கு. உலகத்தைப் பிடிக்கப் பார்த்த குற்றத்துக்காகப் பூனையாக்கப்பட்ட சேலம் என்ற மந்திரவாதிக்கு மட்டும், இன்னும் சின்னக் குழந்தைகளுக்காக, தனி வரிசையே போட்டார்கள்.

2018இல் நெட்ஃபிளிக்ஸ் அதே சப்ரினாவை இருட்டான திகில் கதையாக்கியது. அதற்கு நாவல் எழுத வந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த சாரா ரீஸ் பிரென்னன், ஏற்கெனவே இளையோர் கற்பனை நாவல்களுக்காகத் தெரிந்த பெயர். 2019இல் ஸ்காலஸ்டிக் வெளியிட்ட 'சீசன் ஆஃப் தி விட்ச்' தொடரின் முதல் எபிசோடுக்கு முந்திய கோடையில் நடக்கிறது. சப்ரினாவுக்குப் பதினாறு வயது ஆகப்போகிறது. ஆனதும் சாத்தானின் புத்தகத்தில் கையெழுத்திட்டு மனித வாழ்க்கையை விட்டுப் போக வேண்டும். காதலன் ஹார்வி தன்னை உண்மையாகவே நேசிக்கிறானா என்று தெரியாமல் தவிக்கிறாள். ஒன்றுவிட்ட அண்ணன் ஆம்ப்ரோஸ் ஒரு மந்திரம் போட்டுப் பார்க்கலாம் என்கிறான். காட்டில் வாழும் ஓர் ஆவி குறுக்கிட, எல்லாம் கோணலாகிறது.

எவ்வளவு புத்திசாலித்தனமான தேர்வு பாருங்கள். தொடர் தொடங்குவதற்கு முன்பே கதை நடப்பதால் பின்னால் வருகிற எதையும் அது கெடுக்க முடியாது. மாற்றக் கூடாது என்ற நிபந்தனையே இங்கே கதைக்குப் பலமாகிவிட்டது: சப்ரினாவுக்கு மிச்சமிருக்கும் கடைசிச் சாதாரண கோடை இது என்பது நமக்குத் தெரியும், அதனாலேயே அவள் தோழிகளோடு பொழுதைக் கழிப்பதுகூட மனசைப் பிசைகிறது. முதலில் சொன்ன வாடகை நிபந்தனைகளை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய நூல்கள் குறைவு. மொத்தம் மூன்று நாவல்கள் வந்தன.

இதெல்லாம் 1990களில் புதிதாகக் கண்டுபிடித்த வியாபாரம் இல்லை. 1966 முதல் 1971 வரை ஏபிசி சேனலில் பிற்பகல் நேரத்தில் ஓடிய டார்க் ஷேடோஸ் தொடரில், ஏஞ்சலிக் என்ற சூனியக்காரி பெரிய பாத்திரம். பள்ளிவிட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து பார்த்த தொடர் அது. அதற்கு 32 நாவல்கள் வந்தன. அத்தனையும் ஒருவரே, கனடாக்காரரான டபிள்யூ. இ. டேனியல் ராஸ், மர்லின் ராஸ் என்று மனைவியின் பெயரில் எழுதியவை. அவர் தொடரின் சம்பவங்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் எழுதினார். உரிம நிறுவனங்களின் பிடி இறுகுவதற்கு முந்திய காலம்.

புதியவர்கள் குழப்பிக்கொள்கிற இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சூனியக்காரி நாவலும் தொடரிலிருந்து வந்ததில்லை. பல தொடர்கள் நாவலிலிருந்து வந்தவை. எல். ஜே. ஸ்மித்தின் 'தி சீக்ரெட் சர்க்கிள்' 1992இல் நாவலாக வந்து 2011இல் தொடரானது. அட்டையில் நடிகர் படத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, மூல நாவலைக்கூடத் தொடர் வந்ததும் புது அட்டையோடு அச்சிடுவார்கள். உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டையும் உரிமையாளர் பெயரையும் பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? தொடரையே பார்க்காதவர், முதல் சீசனில் ஐந்தாறு எபிசோடாவது பார்த்துவிட்டு வரட்டும். நாவல்கள் உங்களுக்கு ஏற்கெனவே அந்த வீடு பழக்கம் என்று எண்ணித்தான் எழுதப்பட்டவை. பார்த்தவர், எபிசோடைத் திரும்பச் சொல்லும் நூலை விட்டுவிட்டுப் புதுக் கதை ஒன்றை எடுக்கலாம், அதுவும் தனக்குப் பிடித்த சகோதரி மையமாக இருக்கிற கதை. நீளமாகப் படிக்கத் தயங்கினால் 'சீசன்ஸ் ஆஃப் தி விட்ச்' என்ற சார்ம்ட் சிறுகதைத் தொகுப்பு இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் சப்ரினாவின் நாவலுக்கும் ஏறக்குறைய அதே பெயர் என்பதால் வாங்கும்போது எழுத்தாளர் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சார்ம்ட் பேப்பர்பேக்குகளைப் பெரும்பாலும் பழைய புத்தகம் விற்கும் இணையதளங்களில்தான் தேட வேண்டியிருக்கும். தொடர் முடிந்த பிறகு சகோதரிகளுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் நாவலை விட்டு, 2010இல் ஜெனஸ்கோப் நிறுவனம் தொடங்கிய காமிக்ஸ் வரிசைக்குப் போகலாம். நாவல்கள் எழுதிய பால் ருடிடிஸ் அதிலும் எழுதினார், இந்த முறை எதையும் பழைய இடத்தில் திருப்பி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல்.